பத்திரம் பதியப் போறாங்க, நான் தடுக்கலாமா? – வாசகர் கேள்வி, வக்கீல் பதில்

இந்த மாசம் மெயில்லயும் வாட்ஸ்அப்லயும் வந்த கேள்விங்கள பிரிச்சு வெச்சுப் பார்த்தா முக்காவாசி ஒரே கேள்விதான், கேக்குற ஆளுதான் வேற. "ரிஜிஸ்தர் ஆபீஸ்ல தடங்கல் மனு குடுத்தா பதிவ நிறுத்துவாங்களா, அத நான் குடுக்கலாமா?" அதனால இந்தத் தடவ வேற எதையும் தொடல. பேரு, ஊரு, அளவு எல்லாம் கொஞ்சம் மாத்தியிருக்கேன், ஆளக் கண்டுபிடிக்க முயற்சி பண்ணாதீங்க.

கேள்வி: வணக்கம் சார். எங்க அப்பா 1988ல சொந்தக் காசுல கிரயம் வாங்கின ரெண்டரை ஏக்கர் நஞ்சை இருக்கு. அப்பா 2014ல தவறிட்டாங்க, உயில் எதுவும் எழுதல. அம்மா, ரெண்டு அண்ணங்க, நான், அவ்வளவுதான். இப்ப அண்ணங்க அம்மாவையும் கூட்டிட்டுப் போய் மொத்த நிலத்தையும் ஒருத்தருக்கு எழுதிக் குடுக்கப் போறாங்க. கேட்டா "உனக்குத்தான் 30 பவுன் போட்டு கட்டிக் குடுத்தாச்சே"ங்கிறாங்க. வர்ற முகூர்த்த நாள்ல பதிவாம். நான் போய் தடங்கல் மனு குடுத்தா நிறுத்துவாங்களா? – பேர் வேண்டாம், தேனி மாவட்டம்.

பதில்: உரிமை இருக்கு தங்கச்சி, முழுசா இருக்கு. நீங்க போகணும்னு நெனைக்கிற இடம்தான் சரியில்ல.

முதல்ல உரிமைய சொல்லிடறேன். எல்லாரும் பொம்பளப் பிள்ளைக்குப் பங்குன்னாலே 2005 சட்டம், 2020 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புன்னு ஆரம்பிச்சிடறாங்க, அது பூர்வீக சொத்துக்கு. உங்களுது அப்பாவோட சுயசம்பாத்தியம், அவரு உயில் எழுதாம போயிட்டாரு, அப்ப 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தோட 8வது பிரிவே போதும், அம்மா ஒண்ணு, அண்ணன் ரெண்டு, நீங்க ஒண்ணு, நாலு பேருக்கும் சமமா நாலுல ஒரு பங்கு. 30 பவுன் போட்டதுனால அந்தப் பங்கு போயிடாது. நீங்களா கையெழுத்துப் போட்டு, என் பங்க விட்டுக் குடுக்கறேன்னு விடுதலைப் பத்திரம் பதிஞ்சு குடுத்திருந்தாத்தான் போகும்.

இப்ப தடங்கல் மனுவுக்கு வருவோம். நான் ஜூனியரா இருந்த காலத்துல இதே மாதிரி ஒரு அக்காவுக்காக மூணு பக்கத்துக்கு மனு எழுதி, வாரிசு சான்று, தாய்ப் பத்திரம் நகல் எல்லாம் கோர்த்து எடுத்துட்டு ஒரு சார்பதிவாளர் முன்னாடி போய் நின்னேன். அவரு மனுவப் படிக்கவே இல்ல. மேசை டிராயர்ல இருந்து ஓரமெல்லாம் மடங்கிப்போன பதிவு விதிகள் புக்க எடுத்து, 55வது விதியத் திருப்பி, பேனா மூடியால ஒரு வரியத் தொட்டுக் காட்டினாரு. எழுதிக் குடுக்கறவருக்கு அந்த சொத்துல உரிமை இல்லங்கிற காரணத்துக்காக யாரு எழுத்துல ஆட்சேபணை குடுத்தாலும் சரி வாயால சொன்னாலும் சரி, அதக் கவனிக்கறது பதிவு அதிகாரியோட வேலை இல்லன்னு அதுல இருக்கு. "மண்ணு யாருதுன்னு நான் பாக்கறதில்ல வக்கீல் சார், கையெழுத்து யாருதுன்னுதான் பாக்கறேன்"னாரு. அன்னிக்கு எனக்குக் கோவம்தான் வந்துச்சு, ஆனா அவரு சொன்னது சட்டம்.

அதே விதியில அவரு கட்டாயம் கேட்டே ஆகணும்ங்கிற ஆட்சேபணையும் இருக்கு. வந்து நிக்கிற ஆளு அந்த ஆளே இல்ல, பத்திரமே ஃபோர்ஜரி, பிரதிநிதியா ஏஜெண்டா வந்திருக்கறவருக்கு அப்படி வர அதிகாரம் இல்ல, செத்துப் போயிட்டாருன்னு சொல்றவரு உண்மையில சாகல, எழுதிக் குடுக்கறவரு மைனர் இல்லன்னா புத்தி சுவாதீனம் இல்லாதவரு – இந்த அஞ்சுதான். உங்க அண்ணங்க அவங்க பேர்லயே வந்து அவங்க கையெழுத்தத்தான் போடப் போறாங்க. அப்ப உங்க மனு இந்த அஞ்சுல எதுலயும் உக்காராது. 2025 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டும் நம்ம தமிழ்நாட்டு வழக்குலயே இதத்தான் சொல்லிச்சு, எழுதிக் குடுக்கறவருக்கு உரிமை இருக்கான்னு முடிவு பண்ற வேலை சார்பதிவாளருக்கு இல்ல, உரிமையே இல்லாதவரு எழுதிக் குடுத்தா வாங்கறவருக்கு ஒண்ணும் கெடைக்காது அவ்வளவுதான்னு.

நடைமுறையில வாரிசு சான்றுல நாலு பேரு இருந்து மூணு பேரு மட்டும் வந்தா சில சார்பதிவாளருங்க "பொண்ணு எங்க?"ன்னு கேட்டு திருப்பி அனுப்புவாங்க. நல்ல விஷயம்தான். ஆனா அத நம்பி உக்காராதீங்க, அவரு லீவு போட்ட நாள்ல பொறுப்புல வேற ஒருத்தர் இருப்பாரு.

நீங்க செய்ய வேண்டியது, நிலம் இருக்கிற எல்லைக்குட்பட்ட சிவில் கோர்ட்ல பாகப்பிரிவினை வழக்கு, கூடவே விக்கக் கூடாதுன்னு இடைக்காலத் தடை மனு. தடை ஆர்டர் கெடச்சா அதோட நகல சார்பதிவாளர் ஆபீஸ்ல குடுத்து தேதி முத்திரையோட ரசீது வாங்குங்க, கோர்ட் ஆர்டர மீறி அவரு பதிய மாட்டாரு. சில பேரு ஆர்வத்துல சார்பதிவாளரையும் பிரதிவாதியா சேர்ப்பாங்க, அப்படிச் சேர்த்தா சிவில் நடைமுறைச் சட்டம் 80வது பிரிவுல ரெண்டு மாச நோட்டீஸ் குடுக்கணும், இல்லன்னா அவசரம்னு சொல்லி கோர்ட் அனுமதி வாங்கணும். உங்க முகூர்த்த நாளுக்கு அதெல்லாம் தாங்காது. தடை கெடைக்கறதுக்கு முன்னாடியே வித்துட்டாலும் பயப்படாதீங்க, வழக்கு நடக்கும்போது வாங்கினவரு அந்த வழக்கோட முடிவுக்குக் கட்டுப்பட்டவரு, சொத்து மாற்றுச் சட்டம் 52வது பிரிவு. அண்ணங்களும் அம்மாவும் வித்தது அவங்க முக்கால் பங்கு, உங்க கால் பங்கு அப்படியே நிக்கும்.

இன்னொண்ணு, இதத்தான் நான் முதல்ல செய்யச் சொல்வேன். வாங்கப் போறவரு யாருன்னு உங்களுக்குத் தெரியும்ல, அவருக்கு இன்னிக்கே வக்கீல் நோட்டீஸ் ஒண்ணு பதிவுத் தபால்ல அனுப்புங்க. அப்புறம் "எனக்குத் தெரியாது, நான் நல்லெண்ணத்துல வாங்கினேன்"னு அவரால கோர்ட்ல சொல்ல முடியாது. என் அனுபவத்துல கோர்ட் ஆர்டருக்கு முன்னாடி இந்தத் தபால் கவருதான் பல கிரயத்த நிறுத்தியிருக்கு, எவனும் காசு குடுத்து வழக்க வாங்க மாட்டான்.

கேள்வி: சார், நான் துபாய்ல வேலை பாக்கறேன். 2009ல ஊர்ல ஒரு கிரவுண்டு மனை வாங்கிப் போட்டேன். பக்கத்து மனைக்காரர் ஃபோன் பண்றாரு, "என்னப்பா ஊருக்கு வந்திருக்கியாமே, மனைய வேற விக்கிறியாமே, வர்ற வியாழக்கிழமை பதிவுன்னு புரோக்கர் சொல்றான்"னு. நான் இங்க சைட்ல நிக்கிறேன், அங்க எந்த 'நான்' போய் கையெழுத்துப் போடப் போறேன்? தடங்கல் மனு போடலாமா?

பதில்: படிச்சதும் சிரிப்பும் வந்துச்சு, வயித்தெரிச்சலும் வந்துச்சு. தேனி தங்கச்சிக்கு இல்லன்னு சொன்ன கதை உங்களுக்கு அப்படியே தலைகீழ். நீங்க சொல்றது "வந்து நிக்கிற ஆளு நான் இல்ல"ன்னு, மேல சொன்ன அஞ்சுல முதல் காரணமே அதுதான். அடையாளத்த விசாரிக்கறது பதிவுச் சட்டம் 34வது பிரிவுல அவரோட கடமை, போட்டோவும் விரல் ரேகையும் எடுக்கச் சொல்றது 32-ஏ. 2022ல தமிழ்நாட்டுல சேர்த்த 22-பி பிரிவுல போலி ஆவணத்தப் பதிய மறுக்கணும்னே இருக்கு. அதனால உங்க மனுவ அவரு ஓரமா வைக்க முடியாது.

மனுவ அழுகையா எழுதாதீங்க, கதையும் வேணாம். உங்க கிரயப் பத்திர நம்பர், வருஷம், சர்வே நம்பர், மனை நம்பர், நாலு எல்லை, பாஸ்போர்ட் நகல், இந்தியாவுக்கு நீங்க கடைசியா வந்து போன முத்திரை இருக்கிற பக்கம். இதெல்லாம் வெச்சு "என் பேர்ல யாரு வந்தாலும் அது ஆள்மாறாட்டம்"னு ஒரு பக்கத்துல சார்பதிவாளருக்கும் மாவட்டப் பதிவாளருக்கும் தபால், மெயில் ரெண்டும் அனுப்புங்க. நம்பிக்கையான ஒருத்தர் நேர்ல கொண்டுபோய்க் குடுக்கறது இன்னும் நல்லது. அண்ணன், மச்சான் யாருக்காவது பவர், அதாவது உங்க சார்பா செயல்பட அதிகாரப் பத்திரம், குடுக்கறதா இருந்தா அங்க இந்தியத் துணைத் தூதரகத்துல சான்று வாங்கி அனுப்புங்க, அது இந்தியாவுக்கு வந்து சேந்த 3 மாசத்துக்குள்ள ஸ்டாம்ப் கட்டணும், இத விட்டுட்டு அப்புறம் தலையில கை வெச்சவங்க நெறைய. பவர்ல விக்கிற அதிகாரம் குடுக்காதீங்க, மனுப் போடவும் வழக்கு நடத்தவும் மட்டும் குடுங்க. மச்சான் மேல சந்தேகம்னு இல்ல, பொதுவா சொல்றேன்.

ஒருவேளை ஏற்கனவே பதிஞ்சிருந்தா கதை மாறிடும். பதிவு ஆயிட்டா ரத்து பண்ற அதிகாரம் சார்பதிவாளருக்கு இல்ல, 2016ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு. மாவட்டப் பதிவாளர்கிட்ட போனா ரத்து பண்ணிடலாம்னு பதிவுச் சட்டத்துல 77-ஏன்னு ஒரு பிரிவு 2022ல கொண்டு வந்தாங்க, 2024ல சென்னை ஹைகோர்ட் அது அரசியல் சட்டப்படி செல்லாதுன்னுடுச்சு. இன்னும் யூடியூப்ல 77-ஏ மனு எப்படி எழுதறதுன்னு வீடியோ ஓடிட்டிருக்கு, அதப் பாத்துட்டு அலையாதீங்க. சிவில் கோர்ட்டும், மாவட்டக் குற்றப்பிரிவுல புகாரும்தான். அந்தப் பத்திரத்துல உங்க கையெழுத்து இல்லாததுனால அது உங்களைக் கட்டுப்படுத்தாதுன்னு கோர்ட் அறிவிக்கணும்னு (விளம்புகை) கேட்டாப் போதும், விஷயம் தெரிஞ்ச நாள்லேர்ந்து 3 வருஷத்துக்குள்ள போடணும். பதிவுத்துறையோட டிஎன்ரெஜிநெட் வெப்சைட்ல வில்லங்கம், அதாவது சொத்து மேல என்னென்ன பத்திரம் பதிஞ்சிருக்குங்கிற விவரம், காசில்லாமலே பாக்கலாம், மாசம் ஒருவாட்டி சம்பளம் வந்த அன்னிக்குப் பாருங்க.

கேள்வி: 20 ரூபா பத்திரத்துல அக்ரிமெண்ட் போட்டு 4 லட்சம் அட்வான்ஸ் குடுத்தேன். இப்ப ஓனர் ரேட்டு ஏறிடுச்சுன்னு வேற ஆளுக்கு கிரயம் பண்றாரு. அக்ரிமெண்ட் இருக்கறப்ப எப்படிப் பதிவாங்க? – செங்கல்பட்டு வாசகர்

பதில்: பதிவாங்க. அக்ரிமெண்ட் மட்டும் போட்டதுனால சொத்துல உங்களுக்கு எந்த உரிமையும் வந்துடல, சொத்து மாற்றுச் சட்டம் 54வது பிரிவே அப்படித்தான் சொல்லுது. உங்களுக்கு இருக்கறது அந்த ஓனர் மேல ஒரு உரிமை, மண்ணு மேல இல்ல. அதுவும் தமிழ்நாட்டுல 2012 டிசம்பர்லேர்ந்து கிரய ஒப்பந்தத்தப் பதியணும்னு சட்டம் இருக்கு. பதிஞ்சிருந்தா வில்லங்கத்துல தெரிஞ்சிருக்கும், வாங்க வர்றவனே ஓடிப் போயிருப்பான். ரெஜிஸ்டர் செலவ மிச்சம் பிடிக்கப் போய் 4 லட்சத்த நடுரோட்டுல வெச்ச மாதிரி ஆயிடுச்சு.

ஆனா கை விட்டுப் போயிடல. பதியாத அக்ரிமெண்ட் ஆனாலும், ஒப்புக்கிட்டபடி கிரயம் பண்ணிக் குடுக்கணும்னு போடற ஏற்றதை ஆற்றுக வழக்குல அத சாட்சியமா எடுத்துக்கலாம்னு 2023ல சுப்ரீம் கோர்ட் தமிழ்நாட்டுல இருந்து போன கேஸ்லயே சொல்லியிருக்கு. அக்ரிமெண்ட்ல தேதி போட்டிருந்தா அந்தத் தேதிலேர்ந்து 3 வருஷம் டைம், தேதி இல்லன்னா அவரு முடியாதுன்னு சொன்ன நாள்லேர்ந்து. கூடவே விக்கத் தடை கேளுங்க. மீதிப் பணம் ரெடியா வெச்சிருந்தீங்கன்னு காட்டணும், பேங்க் ஸ்டேட்மெண்ட்ல வெறும் 812 ரூபா இருந்தா ஜட்ஜ் அம்மா கேக்கற முதல் கேள்வியிலயே கேஸ் படுத்துடும். வாங்கப் போற ஆளுக்கும் நோட்டீஸ் அனுப்பிடுங்க, காரணம் மேலயே சொல்லிட்டேன்.

கேள்வி: பக்கத்துக் காட்டுக்காரரு வரப்ப ரெண்டடி தள்ளிப் போட்டிருக்காரு, இப்ப அந்தக் காட்டையே விக்கிறாரு. பதிவ நிறுத்தணும்.

பதில்: முடியாதுங்க. அவரு காட்ட அவரு விக்கறதுல உங்களுக்கு ஒரு சம்பந்தமும் இல்ல. வரப்பு பிரச்சனைக்கு அளந்து எல்லை காட்டச் சொல்லி தாலுகா ஆபீஸ்ல மனுக் குடுத்து சர்வேயர வரச் சொல்லுங்க, கல்லு நட்டாச்சுன்னா யாரு ஓனரா வந்தாலும் கல்லு கல்லுதான். அளந்தும் தீரலன்னா கோர்ட். வண்டிப்பாதை உரிமை ஏதும் இருந்தாலும் கிரயத்தால அது அழிஞ்சிடாது.

கேள்வி: கோர்ட்ல கேவியட் போடற மாதிரி பத்திர ஆபீஸ்ல கேவியட் போடலாம்னு பத்திர எழுத்தர் ஒருத்தர் சொல்லி 3,000 ரூபா கேக்கறாரு. உண்மையா?

பதில்: காசக் குடுத்துடாதீங்க. கேவியட்ங்கிறது சிவில் நடைமுறைச் சட்டம் 148-ஏ, எதிராளி கோர்ட்ல மனுப் போட்டா என்னையும் கேட்டுட்டு ஆர்டர் போடுங்கன்னு சொல்றது, 90 நாள் ஆயுசு. பத்திரப் பதிவுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

கேள்வி: எங்க ஊர் சிவன் கோயில் நிலத்த ஒருத்தர் தன் பாட்டன் சொத்துன்னு சொல்லி பிளாட் போட்டு விக்கிறாரு. நான் டிரஸ்டியும் இல்ல, குருக்களும் இல்ல, வெள்ளிக்கிழமை போய் கும்பிடறவன் அவ்வளவுதான். "நீ யாரு கேக்கறதுக்கு?"ங்கிறாங்க. – தஞ்சாவூர் பக்கம்

பதில்: இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு டீ வாங்கிக் குடுக்கணும். "நீ யாரு"ன்னு கேட்டா, "1959 அறநிலையத்துறைச் சட்டம் 6வது பிரிவுல 15வது வரையறைப்படி நான் அக்கறையுள்ள நபர்"னு சொல்லுங்க. கோயில்ல வழிபாட்டுக்குப் போற வழக்கம் இருந்தாலே அந்தச் சட்டத்துக்கு அது போதும், டிரஸ்டியா இருக்கணும்னு இல்ல.

அப்புறம் இது சார்பதிவாளர் கேட்டே ஆக வேண்டிய விஷயமும் கூட. மத்த சொத்துக்கு உரிமைய விசாரிக்காதன்னு சொன்ன சட்டம் அரசு நிலம், உள்ளாட்சி நிலம், கோயில் நிலம், வக்ஃபு, பூதான நிலம் இதுக்கு மட்டும் பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவுல வேற மாதிரி சொல்லுது, உரிய அனுமதி இல்லாம வந்தா பதியாதன்னு. கோயில் நிலம்னா அறநிலையத்துறை ஆணையர் அனுமதி, அந்த அனுமதி குடுக்கறதுக்கு முன்னாடியும் அறநிலையத்துறைச் சட்டம் 34வது பிரிவுப்படி விவரத்த வெளியிட்டு ஆட்சேபணை கேக்கணும். உங்களுக்கு அங்கயும் பேச இடம் இருக்கு.

ஆனா ஆதாரம் வேணும். வருவாய்த்துறையோட நிலப் பதிவேடான அ-பதிவேட்டுல அந்த சர்வே நம்பர் யாரு பேர்ல இருக்குன்னு பாருங்க, கோயில் பேர்ல இருந்தா நகல் எடுத்து வெச்சுட்டு கோயில் செயல் அலுவலர், இணை ஆணையர், சார்பதிவாளர் மூணு பேருக்கும் ஒரே நாள்ல அனுப்புங்க. தனியா சார்பதிவாளருக்கு மட்டும் அனுப்பினா "துறையில இருந்து லெட்டர் வரல"ம்பாங்க. அவரு பாட்டன் பேர்லயே பழைய பட்டா வெச்சிருந்தாருன்னா இது நீளமான சண்டை, அப்ப துறையத்தான் முன்னாடி விடணும்.

கேள்வி: எனக்கு 71 வயசு. ரிட்டயர்மெண்ட் பணத்துல கட்டின வீட்ட 2019ல மகனுக்கு செட்டில்மெண்ட் எழுதி வெச்சேன். இப்ப சோறு போடறதில்ல, மருந்து வாங்கித் தர்றதில்ல, வீட்டையும் விக்கப் பாக்கறான். செட்டில்மெண்ட நானே ரத்து பண்ணலாமா? இல்ல என் மக போய் தடங்கல் மனு குடுக்கலாமா? – திருச்சி

பதில்: ஐயா, ரெண்டுமே முடியாது, மூணாவதா ஒண்ணு முடியும்.

நீங்க தனியாப் போய் ரத்துப் பத்திரம் எழுதினா செல்லாது, 2022ல சென்னை ஹைகோர்ட் முழு அமர்வே சொல்லிடுச்சு. மகளுக்கு, வருத்தப்படாதீங்க, இப்ப அந்த வீட்டுல எந்த உரிமையும் இல்ல. உங்க சுயசம்பாத்தியம், நீங்க உயிரோட இருக்கீங்க, நீங்களே குடுத்துட்டீங்க. மேல தேனி தங்கச்சிக்குப் பங்கு வந்தது அப்பா எழுதாம போனதுனால, உங்க விஷயத்துல கேக்கற தகுதி உங்க ஒருத்தருக்குத்தான்.

அதுக்கு 2007 பெற்றோர் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 23வது பிரிவு இருக்கு. பாத்துக்கணும்ங்கிற நிபந்தனையில எழுதிக் குடுத்து, பாத்துக்கலன்னா அந்தப் பத்திரம் செல்லாதுன்னு கோட்டாட்சியர் தலைமையில இருக்கிற தீர்ப்பாயம் அறிவிக்கலாம். அந்த நிபந்தனை வேணும்னு 2022ல சுப்ரீம் கோர்ட் கறாரா சொல்லிச்சு, 2025 ஜனவரியில வேற ஒரு தீர்ப்புல இந்தச் சட்டத்த வயசானவங்க பக்கம் தாராளமா படிக்கணும்னும் சொல்லியிருக்கு. அதனால உங்க செட்டில்மெண்ட் பத்திரத்த எடுத்து "என்னைக் கடைசி வரை பராமரித்து வருவாய் என்ற நம்பிக்கையின் பேரில்" மாதிரி ஏதாவது வரி இருக்கான்னு முதல்ல பாருங்க, பத்திர எழுத்தருங்க பழக்கத்துல பல பத்திரத்துல அப்படி ஒரு வரி எழுதியிருப்பாங்க, அதுதான் இப்ப உங்க உசுரு. நேர்ல போக உடம்பு முடியலன்னா மக பேர்ல அதிகாரம் குடுத்து உங்க சார்பா மனுப் போடலாம், அவங்க உரிமையா இல்ல, உங்க உரிமையா.

மனு போட்டதும் அதோட ரசீது நகல வீட்ட வாங்க வர்றவருக்குக் காட்டுங்க. அப்புறம் போன மாசம் நீங்களே காசு போட்டு வாங்கின மருந்து பில்லு எதையும் தூக்கிப் போடாதீங்க, பழைய காலண்டர் பின்னாடி சொருகி வெச்சிருந்தாலும் எடுத்துட்டு வாங்க.